ஆஞ்சியோகிராம் சுத்தம், வலி மட்டும் போகவில்லை

ஜனவரி 4, காலை 10.20 (வாசகர் கேள்வி)

எனக்கு வயது 53. மாடிப்படி ஏறும்போது நெஞ்சின் நடுவே பாரத்தை ஏற்றி வைத்தது போல வலிக்கிறது; நின்ற பிறகும் கால் மணி நேரம் விடுவதில்லை. டிரெட்மில் பரிசோதனையில் ஈ.சி.ஜி. மாறியதால் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். குழாய்கள் அனைத்தும் சுத்தமாக இருக்கின்றன, வாயுத் தொல்லையாகவோ மனப் பதற்றமாகவோ இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடைப்பே இல்லாத இதயத்தில் இதய வலி வர வழியில்லை என்றுதான் நானும் முடிவு கட்டியிருக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 4, இரவு 9.45

மறுக்கிறேன். நான் மருத்துவன் அல்லேன். கதிரியக்க மருந்தைச் செலுத்தி இதயத் தசையின் இரத்தவோட்டத்தை அளக்கும் பெட் ஸ்கேன் அறையில் பதினோரு ஆண்டுகளாகத் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் காட்டுவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகளின் உட்புறத்தை மட்டுமே. ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குக் குறைவான விட்டமுள்ள குழாய்கள் அந்தப் படத்தில் எதுவும் தெரியாது. ஆனால் இதயத் தசைக்கு எவ்வளவு இரத்தம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அந்தத் தெரியாத நுண்தமனிகள்தான். பெரிய தமனிகள், நல்ல உடல்நிலையில், ஓட்டத்தை ஏறக்குறைய எந்தத் தடையும் இல்லாமல் கடத்திவிடுகின்றன.

இதில் இதயத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. கை கால் தசைகள் ஓய்வாக இருக்கும்போது இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் சிறு பங்கையே எடுத்துக்கொள்கின்றன; வேலை கூடினால் அதே இரத்தத்திலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. இதயத் தசையோ சும்மா இருக்கும்போதே 70 முதல் 75 சதவீதம் வரை எடுத்துவிடுகிறது. ஆகவே நீங்கள் படி ஏறும்போது அதற்குத் தேவையான கூடுதல் பிராணவாயு கிடைக்க ஒரே வழி, ஓட்டம் கூடுவது. நுண்தமனிகள் விரிய மறுத்தாலோ, விரிய வேண்டிய நேரத்தில் சுருங்கினாலோ, பெரிய தமனி எவ்வளவு சுத்தமாக இருந்தும் தசை பட்டினி கிடக்கும். நின்ற பிறகும் வலி நீடிப்பது இந்த வகையில் அடிக்கடி சொல்லப்படும் புகார்.

ஜனவரி 5, காலை 6.10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். சிறு குழாய்கள் படத்தில் தெரியாது என்பது சரி. அவற்றைப் பற்றி ஆஞ்சியோகிராமிலிருந்து எதுவுமே அறிய முடியாது என்ற தொனியில் நான் எழுதியது மிகை. சாயம் தமனியின் கடைசி முனையைச் சென்றடைய எத்தனை படச்சட்டங்கள் ஆகின்றன என்று எண்ணும் முறை ஒன்று இருக்கிறது. நொடிக்கு 30 சட்டங்கள் என்ற கணக்கில், திருத்தப்பட்ட எண்ணிக்கை 25-ஐத் தாண்டினால் ஓட்டம் மந்தம் என்று கொள்கிறார்கள். உங்கள் குறுந்தகட்டை யாராவது அப்படி எண்ணிப் பார்த்தார்களா என்று கேட்கலாம். பெரும்பாலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஜனவரி 9, இரவு 11.30

இதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்தமாக எழுதக் காரணம் என் அக்கா. உங்கள் கதையின் முதல் பாதி அப்படியே அவளுடையது. டிரெட்மில்லில் மாற்றம், சுத்தமான ஆஞ்சியோகிராம், கையில் அமிலத்துக்கான மாத்திரை. மூன்று ஆண்டுகள் அவள் அந்த மாத்திரையை விழுங்கினாள். இரண்டு தெரு தள்ளி இதய இரத்தவோட்டத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்ட தம்பி இருந்தும், "எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டார்களே அக்கா" என்று நானும் சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இந்த நிலை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. சாதாரணமான ஆஞ்சியோகிராமோடு இதய வலி இருப்பவர்களைப் பற்றி 1967-லேயே எழுதியிருக்கிறார்கள். 1973-இல் ஹார்வி கெம்ப் என்ற மருத்துவர் இதற்கு "சிண்ட்ரோம் எக்ஸ்" என்று பெயர் வைத்தார். மருத்துவத்தில் ஒன்றுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தால், எங்களுக்குப் பிடிபடவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகப் பொருள். வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு பலர் அந்த எக்ஸை "ஒன்றுமில்லை" என்று படித்துவிட்டார்கள்.

பிறகு அக்காவுக்கு ஸ்பெக்ட் ஸ்கேன் செய்தார்கள்; இதுவும் கதிரியக்க மருந்து செலுத்தித் தசையின் இரத்தவோட்டத்தைப் படமெடுப்பதுதான். (தாலியம் ஸ்கேன் என்றே பலர் இன்னும் சொல்கிறார்கள், இப்போது செலுத்துவது பெரும்பாலும் டெக்னீசியம்.) அதுவும் நார்மல். அங்கேதான் எனக்கு முதன்முதலாகப் பொறி தட்டியது. அந்தப் படத்தின் வண்ண அளவுகோலைக் கவனித்திருப்பீர்களானால், தசையில் மிகப் பிரகாசமான புள்ளியை 100 என்று வைத்து மற்ற இடங்களை அதோடு ஒப்பிட்டு நிறம் தீட்டுகிறார்கள். ஒரு சுவர் மட்டும் பட்டினி கிடந்தால் அது மங்கலாகத் தெரியும். எல்லாச் சுவர்களும் ஒரே அளவில் பட்டினி கிடந்தால் பிரகாசமான புள்ளியும் அந்தப் பட்டினிக் கூட்டத்திலிருந்துதான் வரும்; படம் முழுதும் ஒரே சீராக, அழகாக இருக்கும். வகுப்பில் எல்லோரும் 35 மதிப்பெண் வாங்கியிருக்க, முதல் மாணவனை 100 என்று வைத்துத் தரம் போட்டால் எல்லோரும் முதல் வகுப்பு. நுண்தமனிகள் சரிவர இயங்காத இந்த நுண்குழல் கோளாறு பெரும்பாலும் இதயம் முழுவதும் பரவி நிற்பது என்பதால், இந்த ஓட்டையில் அது சுலபமாக நழுவிவிடுகிறது.

ஜனவரி 10, இரவு 8.05

"ஒப்பிடாமல் எப்படி அளப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெட் ஸ்கேனில் மருந்து செலுத்திய நொடியிலிருந்தே படம் பிடிக்கத் தொடங்குகிறோம். முதலில் மருந்து இடது கீழறைக் குழிக்குள் வந்து பளிச்சென்று தெரிகிறது. பிறகு குழி மங்க, சுற்றியுள்ள தசை மெல்ல ஒளி பெறுகிறது. குழியில் ஏறி இறங்கும் வளைகோடு தசைக்கு வழங்கப்பட்டது எவ்வளவு என்பதையும், தசையின் வளைகோடு அது பெற்றுக்கொண்டது எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. இரண்டையும் ஒரு கணித மாதிரியில் இட்டால், ஒரு கிராம் தசைக்கு ஒரு நிமிடத்தில் இத்தனை மில்லிலிட்டர் என்ற எண் கிடைக்கிறது. ஓய்வில் அது 1-ஐ ஒட்டி இருக்கும். அடினோசின் போன்ற மருந்தால் குழாய்களை முழுமையாக விரியச் செய்து மறுபடி அளந்தால் 2.5, 3 அல்லது அதற்கும் மேல் போகும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து வருவதற்கு ரிசர்வ், அதாவது ஓட்டச் சேமிப்பு, என்று பெயர். 2-க்குக் கீழே இருந்தால் நுண்குழல் கோளாறு.

நாங்கள் பயன்படுத்தும் கதிரியக்க மருந்து ரூபிடியம்-82. அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 76 நொடிகள். ரூபிடியத்தை உண்டாக்கும், ஸ்ட்ரான்சியம் அடைத்த ஜெனரேட்டர் என்ற பெட்டி வழியாக உப்புநீரைப் பாய்ச்ச, ரூபிடியம் அதிலிருந்து நேராக நோயாளியின் இரத்தக் குழாய்க்குப் போகிறது. இடையில் ஊசியில் எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் கிடையாது. அம்மோனியாவைப் பயன்படுத்தும் இடங்களில் சுமார் பத்து நிமிடங்கள் கிடைக்கும், ஆனால் கட்டடத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் வேண்டும். கதிரியக்க நீர் அளவீட்டுக்கு மிகச் சிறந்தது. அரை ஆயுள் இரண்டே நிமிடம். இவை எல்லாம் இல்லாத இடங்களுக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளுர்பிரிடாஸ் உதவக்கூடும். அதில் இருப்பது 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃப்ளூரின்-18 என்பதால், தொலைவில் தயாரித்து வண்டியில் கொண்டுவரலாம்.

ஜனவரி 17, இரவு 10.50

அக்காவின் முதல் பெட் ஸ்கேன் வீணானது. பிழையில் எனக்கும் பங்கு உண்டு.

அடினோசின் வேலை செய்ய வேண்டுமானால் உடலில் காஃபின் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே ஏற்பியில் போய் உட்கார்பவை. காபி, தேநீர், கோலா, சாக்லேட் என்று நான் வரிசையாகக் கேட்டேன், அவளும் எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அடினோசின் ஓடத் தொடங்கியது. பொதுவாக ஓரிரு நிமிடத்துக்குள் முகம் சிவக்கும், மூச்சு முட்டுவது போல இருக்கும், நாடி ஏறும். நோயாளிகள் பயந்துபோய் நம் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா மேற்கூரையைப் பார்த்தபடி, "மருந்து இன்னும் போடவில்லையா?" என்று கேட்டாள். நாடி 90-இலிருந்து 92-க்குப் போனது. ரிசர்வ் 1.4 என்று கணினி துப்பியது.

அந்த எண்ணோடு அறிக்கை வெளியே போயிருக்கும். படம் படித்த மருத்துவர் இதயத்தைப் பார்ப்பதற்கு முன்பு படத்தின் ஓரத்தில் இருந்த மண்ணீரலைப் பார்த்தார். அடினோசின் சரியாக வேலை செய்தால் மண்ணீரலுக்குப் போகும் இரத்தம் குறைந்து அது மங்க வேண்டும். அக்காவின் மண்ணீரல் ஓய்வுப் படத்தில் இருந்த அதே பிரகாசத்தோடு இருந்தது. விசாரித்ததில், முந்தைய இரவு தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கிறாள். அட்டையின் பின்புறம் பாராசிட்டமாலுக்கு அடுத்து சின்ன எழுத்தில் காஃபின். மாத்திரையில் காஃபின் உண்டா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜனவரி 18, காலை 7.00

எத்தனை மணி நேரம் காஃபினைத் தொடக் கூடாது என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். குறைந்தது 12 மணி நேரம். பல இடங்களில் 24 என்கிறார்கள், நானும் 24 என்றே சொல்வேன். காஃபின் நீக்கிய காபியிலும் கொஞ்சம் எஞ்சியிருக்கும். மண்ணீரல் சோதனை அடினோசினுக்குப் பொருந்தும். அதற்குப் பதிலாகக் கொடுக்கும் ரெகடெனோசான் என்ற மருந்துக்கு அதை நம்ப முடியாது.

ஜனவரி 31, இரவு 11.15

இரண்டாவது ஸ்கேன் முடிந்தது. மண்ணீரல் மங்கியது, அக்கா என் கையை நசுக்கினாள், எல்லாம் முறைப்படி. ஓய்வில் 1.3, உச்சத்தில் 2.2. வகுத்தால் 1.7. ஜனவரி 10-ஆம் தேதி நான் எழுதிய விதிப்படி இது நுண்குழல் கோளாறு. வீட்டுக்குத் தொலைபேசியில் அப்படியே சொல்லியும் விட்டேன். இப்போது அந்த விதியை நானே திரும்பப் பெறுகிறேன்.

ரிசர்வ் என்பது ஒரு பின்னம். பின்னம் சிறுத்தால் தொகுதி குறைந்திருக்கலாம், அல்லது பகுதி பெருத்திருக்கலாம். பல ஆண்டுகளாக நான் விடையை மட்டும் எழுதிவந்தேன். மேலே என்ன, கீழே என்ன என்று நின்று பார்த்ததில்லை. அக்காவின் உச்ச ஓட்டம் 2.2 கொஞ்சம் குறைவுதான், ஆனால் படுமோசம் இல்லை. ஓய்விலேயே 1.3 என்பதுதான் விசித்திரம். மேசையில் படுத்திருந்தபோது அவள் நாடி 94, மேல் இரத்த அழுத்தம் 156. இரண்டையும் பெருக்கினால் 14,664 வருகிறது. இதயம் அந்த நேரத்தில் எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு இது ஓர் எளிய குறி. ஓய்வு ஓட்டத்தை 10,000 என்ற உழைப்புக்குச் சரிசெய்தால் 1.3 என்பது 0.89 ஆகிறது, ரிசர்வ் 2.5-ஐத் தொடுகிறது. ஒரே ஸ்கேன், ஒரே நோயாளி, 1.7 என்றும் சொல்லலாம், 2.5 என்றும் சொல்லலாம். எது உண்மை? இரண்டும்தான். அவள் நடமாடும் நேரமெல்லாம் சேமிப்பில் ஒரு பங்கை முன்கூட்டியே செலவழித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை 1.7 சொல்கிறது, குழாய்களுக்கு விரியும் திறன் இன்னும் போய்விடவில்லை என்பதை 2.5 சொல்கிறது.

ஓய்வு ஓட்டம் ஏன் ஏறுகிறது என்று பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதினார்கள். ஹீமோகுளோபின் 9.1, அதாவது இரத்தசோகை. மூன்று ஆண்டுகளாக யாரும் பார்க்காத எண். இரத்தம் சுமக்கும் பிராணவாயு குறைந்தால் அதை ஈடுகட்ட ஓய்விலேயே அதிக இரத்தம் ஓட வேண்டியிருக்கும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே கதை. பெண்களுக்கு ஓய்வு ஓட்டம் பொதுவாகவே ஆண்களைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 1, காலை 6.40

இந்தப் பிரிவினையை நான் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல நேற்றிரவு எழுதிவிட்டேன். 2020-லேயே லண்டன் ஆய்வாளர்கள் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றில் நுண்தமனிகளின் சுவர் தடித்து, தந்துகிகள் அடர்த்தி குறைந்து, எவ்வளவு மருந்து கொடுத்தாலும் குழாய் விரியாது. மற்றதில் குழாய் விரியும், ஆனால் ஓய்விலேயே பாதி விரிந்து கிடக்கிறது. பின்னத்தின் விடை இரண்டுக்கும் ஒன்று.

பிப்ரவரி 6, இரவு 9.20

எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதாதா என்று கேட்டவருக்கு: போதலாம். 2002-இல் சிண்ட்ரோம் எக்ஸ் நோயாளிகளிடம் அடினோசின் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, தசையின் உள்ளடுக்கு மட்டும் இரத்தம் குறைந்து நிற்பது தெரிந்தது. உள்ளடுக்குதான் முதலில் அடிபடும்; இதயம் சுருங்கும்போது அழுத்தம் அதன் மேல் அதிகம் விழுவதால், அதற்கு இரத்தம் கிடைப்பது இதயம் தளரும் வேளையில் மட்டுமே. நாடி வேகமானால் முதலில் சுருங்குவது அந்தத் தளரும் நேரம். பெட் படத்தில் இந்த அடுக்கு வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்குக் கூர்மை பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதை என் கட்சிக்கு எதிராக நானே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எம்.ஆர்.ஐ.யிலும் கானல் நீர் உண்டு. சாயம் நிரம்பிப் பளிச்சென்றிருக்கும் குழிக்கும் கருமையான தசைக்கும் நடுவே, இரத்தக் குறைவே இல்லாமல் ஒரு கறுப்பு விளிம்பு விழும். அது சாயம் குழிக்குள் வரும் சில துடிப்புகளில் தோன்றி உடனே மறைந்தால் பொய். தசை முழுதும் ஒளி பெற்ற பிறகும் தங்கி நின்றால் சந்தேகிக்க வேண்டும். பெட் ஸ்கேனில் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறான்: அடினோசின் ஓடும்போது நோயாளி வேகமாக மூச்சு வாங்க, இதயம் இருந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடும், முன்பே எடுத்த சி.டி. படத்தில் அந்த இடம் நுரையீரலாக இருக்கும். கணினி திருத்தம் தவறிப்போய் இடது பக்கச் சுவரில் ஓர் ஓட்டை உண்டாகும். எங்கள் வேலையில் பாதி, படங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அரை விரல் நகர்த்துவது.

பிப்ரவரி 27, இரவு 10.10

அக்காவுக்கு இரும்புச்சத்து ஏறத் தொடங்கியதும் படியேறும் வலி குறைந்தது. சுபம் என்று இழையை மூடலாம் என்றிருந்தேன். அதிகாலை நான்கு மணிக்கு, படுத்திருக்கும்போதே வரும் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வலியைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. "நீங்கள் எல்லோரும் நடக்கும்போது வலிக்கிறதா என்றுதானே கேட்டீர்கள்" என்கிறாள்.

மார்ச் 14, இரவு 11.40

மறுபடி ஆஞ்சியோகிராம் மேசை, ஆனால் இம்முறை கேள்வி வேறு. நுனியில் அழுத்தமும் வெப்பமும் உணரும் மெல்லிய கம்பியைத் தமனிக்குள் அனுப்பி, அறை வெப்பத்தில் இருக்கும் உப்புநீரை மூன்று மில்லிலிட்டராக மூன்று முறை வேகமாகச் செலுத்தினார்கள். குளிர்ச்சி கம்பியின் நுனியை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரத்தை, அடினோசின் ஓடும்போது அங்குள்ள அழுத்தத்தால் பெருக்கினால் நுண்குழல் தடையின் எண் கிடைக்கிறது. 25-ஐத் தாண்டினால் கோளாறு. அவளுக்கு 19.

அடுத்து அசிடைல்கோலின் என்ற மருந்து. நல்ல உட்படலம் உள்ள குழாய் இதற்கு நைட்ரிக் ஆக்சைடு சுரந்து விரியும், கெட்டுப்போனது சுருங்கும். மருந்து ஏறிய சிறிது நேரத்தில் அக்கா, "இதுதான், நாலு மணி வலி இதுதான்" என்றாள். ஈ.சி.ஜி. கோடு இறங்கியது. திரையில் பெரிய தமனிகள் பெரிதாகச் சுருங்கவே இல்லை. நுண்குழல்களில் மட்டும் பிடிப்பு. கண்ணாடிக்கு இப்பால் நின்றிருந்த எனக்கு அழுகை வந்தது. அவளுக்கோ தன் வலிக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷம்.

என் தொழிலைப் பற்றிய இரண்டாம் யோசனை இங்கேதான். அடினோசின் குழாய்ச் சுவரின் தசையை நேரடியாகத் தளர்த்துகிறது. விரிய முடியுமா என்ற கேள்விக்கு மட்டுமே அது பதில் வாங்கித் தருகிறது. வேண்டாத நேரத்தில் சுருங்குகிறதா என்று நாங்கள் பெட் அறையில் கேட்பதே இல்லை. ஆகவே ஜனவரியில் நான் கேலி செய்த ஆஞ்சியோகிராமின் "நார்மல்" போலவே, எங்கள் 2.5-உம் அரைகுறையான ஒரு "நார்மல்" ஆகியிருக்கும்.

மார்ச் 15, பகல் 1.30

"தெரிந்து என்ன பயன், மருந்து ஒன்றுதானே?" என்ற எதிர்க்கேள்விக்கு: ஒன்றில்லை. அக்கா சாப்பிட்டுவந்த பீட்டா பிளாக்கர் (துடிப்பைத் தணிக்கும் மருந்து), ஓட்டச் சேமிப்பு குறைந்தவர்களுக்கு ஏற்றது. பிடிப்பு வகைக்குக் குழாய்ச் சுவரைத் தளர்த்தும் கால்சியம் சேனல் பிளாக்கர்தான் முதலில். அவளுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 151 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான கார்மிகா ஆய்வில், இப்படிச் சோதித்து வகை பிரித்துச் சிகிச்சை பெற்றவர்களின் வலி மதிப்பெண் ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட 11.7 புள்ளிகள் மேம்பட்டது. மாரடைப்பு, மரணம் ஆகியவற்றில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாம் கைகூடிவிடவும் இல்லை: குழாய்களைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருளைத் தடுக்கும் சிபோடென்டான் மருந்து நுண்குழல் வலிக்காரர்களின் நடைத்திறனைக் கூட்டும் என்று எதிர்பார்த்தார்கள், 2024-இல் வெளியான முடிவு கைவிரித்துவிட்டது.

மார்ச் 15, பகல் 1.50

மற்றொருவர், இது வலியோடு முடிகிற சங்கதி என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. சுருங்கும் வலிமை சரியாக இருந்தும் இதயம் செயலிழக்கும் நோயாளிகள் 202 பேரை 2018-இல் ஓர் ஆய்வில் எக்கோ மூலம் பார்த்தபோது, நான்கில் மூவருக்கு நுண்குழல் கோளாறு இருந்தது. எது முந்தியது என்பதை அந்த ஒரு படத்திலிருந்து சொல்ல முடியாது.

ஏப்ரல் 2, இரவு 9.00

கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, தனக்கு அடுத்த வாரம் பெட் ஸ்கேனுக்கு நாள் குறித்திருப்பதாக எழுதியிருக்கிறார். ஹீமோகுளோபினும் தைராய்டும் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அறிக்கையில் ரிசர்வ் மட்டும் இருந்தால், ஓய்வு ஓட்டமும் உச்ச ஓட்டமும் தனித்தனியே எவ்வளவு என்றும், அப்போது நாடியும் இரத்த அழுத்தமும் எவ்வளவு இருந்தன என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரவிலோ அதிகாலையிலோ, சும்மா இருக்கும்போது வலி வருவதுண்டா என்று உங்களை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கும் தலைவலி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கவும்.

ஏப்ரல் 2, இரவு 9.10

முக்கியமானதை விட்டுவிட்டேன். உங்களுக்கு ஆஸ்துமா இருக்கிறதா? இருந்தால் அடினோசின் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். ஸ்கேன் அன்று மேசையில் படுத்த பிறகு சொல்லாமல், நாளைக் காலையே அந்தப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வேறு மருந்தால் செய்வதா, வேண்டாமா என்று அவர்கள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.